மூவாரில் அழுத அழுகை

போன வாரம் பொந்தியான் போகிற வழியில் பெட்ரோல் போட வண்டியை நிறுத்தினேன். பக்கத்து இருக்கையில் கார்த்தி. ஊரிலிருந்து வேலைக்கென்று கோலாலம்பூரில் வந்து இறங்கி இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை, பார்க்கிறதையெல்லாம் கேட்டுவிடுவான். எதிரே இருந்த அரசாங்க அலுவலகத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கொடி பாதியிலயே சிக்கிக்கிச்சு பாருங்க. இழுத்து விட ஆள் இல்லையா?" என்றான்.

யாரோ பெரிய மனிதர் இறந்திருந்தார். அதற்காகக் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கியிருந்தார்கள். சொன்னேன். "ஓ" என்றுவிட்டு அவன் செல்போனுக்குள் போய்விட்டான். எனக்குத்தான் அதற்கப்புறம் சாலையில் மனம் நிற்கவில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நேரே போய், ஒரு செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்து, சுற்றிக்கொண்டு வந்தேன். "ஷார்ட் கட்டாண்ணே?" என்று கார்த்தி கேட்டான். ஆமாம் என்றேன்.

நம் ஊரிலும் கொடியை இறக்குவார்கள்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் எங்களுக்கு: லீவு. எந்தத் தலைவருக்கு உடம்பு சரியில்லை என்ற செய்தி வந்தாலும், கணக்குப் பரீட்சைக்குப் படிக்காதவர்கள் ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை. ஒரு நாடு துக்கம் கொண்டாடுவது என்றால் என்ன என்று நான் பார்த்தது இங்கே வந்த பிறகுதான். அதுவும் எப்படிப்பட்ட நேரத்தில்!

அது எந்த வருடம், எந்த விமானம் என்று உங்களுக்குத் தெரியும். இந்த நாட்டு விமானம் எங்கோ தூரதேசத்து வயல்வெளியில் விழுந்தது. செய்தி வந்த அன்று சாப்பாட்டுக் கடைகளில் பேச்சே இல்லை. நான் அப்போது மூவாரில் ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் இருந்தேன். பாலீஷ் போட்டு வரும் நாற்காலிகளைத் தடவிப் பார்த்து, இது சரி, இது சரியில்லை என்று பிரிப்பது வேலை. டிப்ளமா படித்தவன் செய்கிற வேலையா இது என்று எனக்குள் ஒரு குறை உண்டு. வீட்டில் மட்டும் 'எஞ்சினியர்' என்று சொல்லி வைத்திருந்தேன். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்தவனே நான்தான் என்பதால், அதைச் சரிபார்க்க வீட்டில் யாரும் இல்லை.

எங்கள் பிரிவுக்கு மேற்பார்வை மகேஸ்வரி அக்கா. ரெங்கம் பக்கம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். அங்கே ரப்பர் மரத்தில் பால் வற்றியதும் வெட்டி எங்கள் தொழிற்சாலைக்குத்தான் அனுப்புவார்கள். "எங்கப்பா பால் வெட்டுன மரத்துக்கு நான் பாலீஷ் போடுறேன் தம்பி. மரத்துக்கும் எங்க குடும்பத்துக்கும் கணக்கு இன்னும் தீரல" என்பார். அந்த விமானம் விழுந்த அன்று அவர் கேன்டீன் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்று முந்தானை இல்லாத பனியன் சட்டையின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சவங்களாக்கா?"

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன? நம்ம ஆளுங்க லா."

செய்தியில் வந்த பெயர்களில் மலாய்க்காரர், சீனர், வேறு நாட்டார் என்று எல்லாரும் இருந்தார்கள். 'நம்ம ஆளுங்க' என்ற சொல்லை இவ்வளவு அகலமாக விரிக்கலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் செய்தியில் கேட்கிற பாவம் அது. சோறு இறங்காமல் போகிற பாவம் இல்லை.

பாலீஷ் பிரிவுக்கென்று ஒரு வாசனை உண்டு. தின்னர், லாக்கர், ரப்பர் மரத்தூள் மூன்றும் சேர்ந்து நெற்றிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்கள் முதல் வாரம் தலைவலியால் துடித்தார்கள். எனக்கு ஒன்றும் செய்யவில்லை. மருந்து வாசனையிலேயே வளர்ந்தவன் நான். மருந்து என்றால் ஆஸ்பத்திரி மருந்து இல்லை; வெடிமருந்து. சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு வெடி ஆபீஸில்தான் வேலை. பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். உள்ளே போனவர்கள் யாரும் பேனாவைப் பிடித்ததில்லை, ஆனாலும் அது ஆபீஸ்தான்.

என் சித்தி பேச்சியம்மாள் வெடி ஆபீஸ்காரி. அம்மாவின் தங்கை. கட்டிக்கொண்டவர் பாதியில் விட்டுப் போய்விட்டார், பிள்ளை இல்லை. எங்கள் வீட்டுக்கு எதிரே ஒற்றை அறை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தாள். அம்மா விடியுமுன்னே காட்டு வேலைக்குப் போய்விடுவாள் என்பதால் என்னை எழுப்புவது, குளிப்பாட்டுவது, பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிடுவது எல்லாம் சித்தி. அலுமினியத்தூள் ஒட்டி அவள் கை எப்போதும் வெள்ளி மாதிரி மின்னும். பரீட்சை நாளில் என் சட்டையைத் தொடுவதற்கு முன்னால் சாம்பலைப் போட்டுத் தேய்த்துக் கழுவுவாள். அப்படியும் காலரில் ஒரு மினுக்கு இருக்கும். "வாத்தியார் கேட்டா சரிகைன்னு சொல்லுடா" என்பாள்.

நான் இங்கே வரும்போது திருச்சி விமான நிலையம் வரைக்கும் வந்தாள். வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலரிடம் போய், "தம்பி, இவன் பசி தாங்க மாட்டான், உள்ள கொஞ்சம் பாத்துக்கங்க" என்றாள். அவர் வடக்கத்திக்காரர். என்ன புரிந்ததோ, தலையை ஆட்டினார். எனக்கு மானம் போயிற்று. "சித்தி, பேசாம இரு" என்றேன். "படிச்ச கழுதைக்கு ரோசத்தப் பாரு" என்று சிரித்துக்கொண்டே நின்றாள்.

விமானத்தில் இறந்தவர்களின் உடல்களை நாட்டுக்குக் கொண்டுவரப் போகிறார்கள், அன்று நாடே துக்கம் அனுசரிக்கப் போகிறது என்று அறிவித்திருந்த சமயம். ஒரு சனிக்கிழமை, ஓவர்டைம் வேலையின் தேநீர் இடைவேளையில், தம்பி கூப்பிட்டான். "அண்ணே, வெடி ஆபீஸ்ல..." என்று ஆரம்பித்தான். அந்தச் சொல்லோடு ஒருவன் அழ ஆரம்பித்தால் எங்கள் ஊர்க்காரனுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. சித்தியோடு இன்னும் சில பேர். இணையத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். எங்கோ ஓரத்தில் நான்கு வரி. எத்தனை பேர் என்று இருந்தது; யார் யார் என்று இல்லை. எதிரே கேன்டீன் தொலைக்காட்சியில் விமானத்தில் போனவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னார், இன்ன ஊர், இன்ன படித்தார், என்ன பாட்டுப் பிடிக்கும் என்பது வரை. அதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்தத் தொலைக்காட்சியை உடைக்க வேண்டும் போல் இருந்தது.

உடலை அன்றைக்கே எரித்துவிட்டார்கள். வைத்திருக்கிற நிலைமையில் இல்லை என்றான் தம்பி. அம்மா ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "பதினாறுக்குள்ள வந்துருய்யா. அவளுக்கு நீதான மகன்."

இதை உங்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் ஊரில் சாவுக்குப் பிந்தி வருகிற உறவுக்காரன் நேரே வீட்டுக்குள் போய்விட மாட்டான். தெருமுனையில் பையை இறக்கி வைத்துவிட்டு நிற்பான். பார்த்தவர்கள் சொல்ல, வீட்டுப் பெண்கள் ஓடிவந்து கட்டிக்கொண்டு முதல் நாள் மாதிரியே அழுவார்கள். அவனும் அழுவான். அப்புறம்தான் வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். சாவு முடிந்து எத்தனை நாள் ஆகியிருந்தாலும் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் இது உண்டு. காரியம் கும்பிட்டுவிட்டால் இல்லை. அதற்கு மேல் அந்த வீட்டில் அழக்கூடாது. அழுதால் போனவர்களுக்கு வழி மறிக்கும் என்பார்கள். அதனால் எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் அந்தத் தெருமுனையில் போய் நின்றாக வேண்டும்.

அதற்குப் பாஸ்போர்ட் வேண்டும். எங்கள் எல்லாருடைய பாஸ்போர்ட்டும் மேனேஜர் லிம்மின் அலமாரியில் இருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. இதைச் சொல்லும்போதே எரிச்சலாக இருக்கிறது. கெட்ட மனிதராக இருந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். வருத்தம் தெரிவித்தார். தாய், தகப்பன், மனைவி, பிள்ளை என்றால் ஊருக்குப் போக விடுப்பு உண்டு, தாயின் தங்கைக்குக் கிடையாது, அடுத்த மாதம் ஆர்டர் முடிந்ததும் பார்க்கலாம் என்றார்.

"அம்மான்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?" என்று மகேஸ்வரி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஹாஸ்டல்ல இருக்கானே செல்வம், அவன் அம்மாவ ரெண்டு தடவ சாகடிச்சாச்சு. லிம் ரெண்டு தடவையும் லீவு குடுத்தாரு. அவருக்கு எங்க ஞாபகம் இருக்கு?"

"உயிரோட இருக்கற அம்மாவ எப்படிக்கா?"

"அலமாக், சத்தியவான் வந்துட்டாரு!"

சத்தியம் எல்லாம் இல்லை. ஏற்கெனவே ஒருத்தியை எரித்திருக்கிறார்கள். இன்னொருத்தியை வாயால் எரிக்க எனக்குத் துணிவு வரவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் துக்க நாள் வந்தது. ரேடியோவில் பாட்டு இல்லை. எல்லாரும் கறுப்புச் சட்டையில் வந்தார்கள். இல்லாதவர்களுக்குக் கறுப்பு ரிப்பன் குத்தினார்கள். எனக்கும் குத்தினார்கள். காலையில் சங்கு ஊதியதும் ஒரு நிமிட அஞ்சலிக்காக இயந்திரங்களையெல்லாம் நிறுத்தினார்கள். அந்தத் தொழிற்சாலையில் அப்படி ஒரு நிசப்தத்தை நான் அதற்கு முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. வேலைச் சத்தத்தில்தான் அந்த வாரம் முழுக்க நான் என்னை ஒளித்து வைத்திருந்திருக்கிறேன். சத்தம் நின்றதும் ஒளிய இடமில்லை. முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. மற்றவர்கள் தலைகுனிந்து நிற்க, நான் மட்டும் அரைகுறையாகப் பாலீஷ் போட்ட ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, 'சித்தி, சித்தி' என்று தேம்பினேன். நிமிடம் முடிந்து இயந்திரம் ஓட ஆரம்பித்த பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை.

ஆபீஸிலிருந்து வந்த ஒரு பெண் அதைப் படம் எடுத்திருக்கிறாள். சாயங்காலத்துக்குள் படம் ஃபேஸ்புக்கில் வந்துவிட்டது. வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி நம் நாட்டின் இழப்புக்காக எப்படி அழுகிறார் பாருங்கள் என்று மேலே எழுதியிருந்தார்கள்.

அடுத்த நாளிலிருந்து என் நிலைமையைக் கேளுங்கள். வாசல் காவலர் ஹசான் பாக்சிக், இங்கே வயதான மலாய்க்காரர்களை அப்படித்தான் கூப்பிடுவோம், தன் மனைவி செய்ததென்று ஒரு பொட்டலம் நாசி லெமாக்கை, தேங்காய்ப்பால் சோற்றை, கையில் திணித்தார். உள்ளே கோழி. நான் பதினாறு நாள் கறி தொடக்கூடாதே! வேண்டாம் என்றேன். சீனப் பெண்கள் பன் கொண்டுவந்தார்கள், அதற்குள்ளும் கறி. வேண்டாம் என்றேன். சவரமும் செய்யவில்லை, எண்ணெயும் வைக்கவில்லை. கறி தின்னாமல், தாடி வளர்த்து, பரட்டைத் தலையோடு ஒருவன் திரிந்தால் எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைகூட 'வீட்டில் யார் தவறியது?' என்று கேட்கும். இங்கே நாட்டுக்காக விரதம் இருக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். "கெசியான் லா இந்தப் பையன்" என்று என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்கள்.

சொல்லாமல் இல்லை நான். ஹசான் பாக்சிக்கை நிறுத்தி, இறந்தது என் சித்தி, இந்தியாவில், பட்டாசுத் தொழிற்சாலையில், என்று தெரிந்த மலாயையெல்லாம் திரட்டிச் சொன்னேன். அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்து, "சபார், சபார். பொறுமையாயிரு. நாம எல்லாரும் ஒரே குடும்பம்தான்" என்று மலாயில் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. அதற்கு மேல் நான் என்ன செய்ய? ஒருவேளை அவருக்குப் புரிந்துதான் அப்படிச் சொன்னாரோ என்றும் இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றியதெல்லாம், சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் என்பதுதான்.

படம் வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ லிம் கூப்பிட்டு அனுப்பினார். எழுந்து நின்று கை கொடுத்தார். நகரத் திடலில் சனிக்கிழமை காலையில் எல்லா இனத்தவரும் சேர்ந்து நினைவஞ்சலி வைக்கிறார்கள், தமிழில் நீ இரண்டு வார்த்தை பேச வேண்டும், மகேஸ்வரி மலாயில் சொல்வாள் என்றார். அப்புறம் அவராகவே, "ஊருக்குப் போகணும்னு கேட்டியே, போயிட்டு வா. சனிக்கிழமை கூட்டம் முடிஞ்சதும் என் காடிக்கு வா, ஆபீஸைத் திறந்து பாஸ்போர்ட்டைத் தர்றேன்" என்றார். காடி என்றால் இங்கே கார்.

என் சித்திக்காகக் கிடைக்காத விடுப்பு, நான் அழாத அழுகைக்குக் கிடைத்தது. தலையாட்டினேன். வேறென்ன செய்ய முடியும்? சனிக்கிழமை சாயங்காலம் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானம் இருந்தது. மதியத்துக்குள் மூவாரை விட்டுக் கிளம்பினால் பிடித்துவிடலாம். ஞாயிறு விடிகாலையில் தெருமுனை. டிக்கெட் போட்டுவிட்டு அம்மாவிடம் சொன்னேன். "எந்த பிளேன்டா? விழுந்துச்சே, அந்தக் கம்பெனி இல்லைல்ல?" என்றாள். இல்லை என்றேன். "சரி, வா. நீ வர்ற வரைக்கும் காரியத்த ஆரம்பிக்க விட மாட்டேன்" என்றாள்.

சனிக்கிழமை பையோடுதான் திடலுக்குப் போனேன். ஆற்றங்காற்று, பந்தல், வெள்ளை நாற்காலிகள். மேடையில் ஏறியபோது முன்வரிசையில் லிம் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இரண்டு வார்த்தை என்ன பேசுவது என்று அக்கா சொல்லிக் கொடுத்திருந்தார். மைக்கைப் பிடித்ததும் அது வாயில் வரவில்லை.

"எனக்குப் பேச்சியம்மாள்னு ஒரு சித்தி இருந்தாங்க. என்னை வளர்த்தவங்க. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி எங்க ஊர்ல வெடி ஆபீஸ்ல எரிஞ்சு செத்துப் போயிட்டாங்க. நான் அன்னைக்கு அழுதது அவங்களுக்காக. உங்க ஆளுங்களுக்காகவும் வருத்தப்படுறேன். ஆனா அழுதது அவங்களுக்காகத்தான்."

சொல்லிவிட்டேன். நெஞ்சு லேசான மாதிரி இருந்தது. அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். மைக்கை வாங்கினார். மலாயில் சொன்னார். எனக்கு அந்த அளவுக்கு மலாய் புரியும்: 'விமானத்தில் போனவர்கள் தன்னை வளர்த்த தாயைப் போன்றவர்கள் என்று இந்தத் தம்பி சொல்கிறார்.'

கூட்டம் அப்படியே உருகிப் போயிற்று. நான் அக்காவைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

மேடையை விட்டு இறங்கியதும் முன்வரிசையிலிருந்து ஒரு வயதான மலாய் அம்மா எழுந்து வந்தார். இரண்டு பக்கமும் ஆட்கள் பிடித்திருந்தார்கள். அவருடைய மகளும் பேரப்பிள்ளையும் அந்த விமானத்தில் போனவர்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. என் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்தார். பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். என்னென்னவோ சொன்னார். அவர் பேசியது கம்பத்து மலாய், கிராமத்துப் பேச்சு. பாதி எனக்கு எட்டவில்லை. பேரீச்சம்பழம் மாதிரி சுருங்கிய சின்னக் கை. ஆனால் அந்தப் பிடி விடுகிற பிடியாக இல்லை.

அவர் தலைக்கு மேலாகப் பார்த்தேன். லிம் யாருடனோ போனில் பேசிக்கொண்டே நடந்தார். கார்க் கதவைத் திறந்தார். 'மிஸ்டர் லிம்' என்று கத்த வேண்டும். ஓடிப் போய்ப் பிடித்திருந்தால் ஐம்பது அடிகூட இருக்காது. என் கையோ அந்த அம்மாவிடம் இருந்தது. நெற்றியை என் புறங்கையில் வைத்துவிட்டார். உதறிக்கொண்டு ஓடினால் ஓடலாம். உங்களால் முடியுமா சொல்லுங்கள். என்னால் முடியவில்லை. கார் திடலைச் சுற்றிக்கொண்டு பாலத்துப் பக்கம் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் ஓட்டம்தான். தொழிற்சாலை பூட்டிக் கிடந்தது. லிம் போனை எடுக்கவில்லை. அவர் பிள்ளைகள் சிங்கப்பூரில் இருந்தார்கள். சனி, ஞாயிறு அங்கே போய்விடுவார் என்று ஹசான் பாக்சிக் சொன்னார். சொல்லிவிட்டு எனக்கு ஒரு குவளை தேநீர் கொடுத்தார். அந்தத் தேநீரைக் குடித்துக்கொண்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு, காவலர் கூண்டில் உட்கார்ந்திருந்தேன். விமானம் கிளம்பும் நேரம் கடந்து போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி கூப்பிட்டான். "ஐயர் வேற வீட்டுக்குப் போகணுமாம்ணே. நேரமாச்சுங்கறாரு. அம்மா தகராறு பண்ணிட்டு உக்காந்துருக்கு. என்ன செய்ய?"

"நீ மொட்ட போட்டுக்கடா" என்றேன்.

நானும் போட்டுக்கொண்டேன். மூவாரில் பஸ் நிலையம் பக்கம் நம்மவர் ஒருவர் சலூன் வைத்திருந்தார். "முருகனுக்கா, பெருமாளுக்கா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் கத்தியைத் தீட்டினார். திங்கட்கிழமை மொட்டைத் தலையோடு வேலைக்குப் போனால், நாட்டுக்காக மொட்டையும் போட்டுவிட்டான் என்று ஒரு பேச்சு. சிரிப்பதா, கடிப்பதா என்று தெரியவில்லை. லிம் என்னைப் பார்த்ததும் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யோ, மறந்துட்டேன் லா! போன் பண்ணியிருக்கலாமே நீ" என்று பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தார். எத்தனை தடவை பண்ணினேன் என்று சொல்லாமல், அதை வாங்கிக்கொண்டு நன்றி வேறு சொன்னேன்.

மகேஸ்வரி அக்காவிடம் மட்டும் கேட்டுவிட்டேன். "ஏங்கா மாத்திச் சொன்னீங்க?"

"முன்னால அந்த மாக்சிக், அந்த வயசான அம்மா, உக்காந்துருந்தாங்க தம்பி. பெட்டி வந்து ஒரு வாரம்தான் ஆச்சு. அவங்க மூஞ்சிக்கு நேரா, 'இந்தப் பையன் ஒங்களுக்காக அழுவல'ன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? சொல்லு. நீயே சொல்லு."

அவர் செய்தது சரியாகவே இருக்கலாம். ஒருவர் செய்தது சரி என்று தெரிந்துவிட்டால் கோபம் போய்விடும் என்று யார் சொன்னது? எனக்கு இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

"பேச்சியம்மாதானே பேரு?" என்றார் அக்கா, கொஞ்ச நேரம் கழித்து. "நீ மேடையில சொன்னப்ப கேட்டேன். கேக்காம இல்ல."

அந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கி, தெருமுனையில் பையை இறக்கி வைத்துவிட்டு நின்றேன். காரியம் முடிந்துவிட்டது, நிற்கக்கூடாது என்று தெரியும். தெரிந்துதான் நின்றேன். குழாயடியில் இருந்த பெண்கள் பார்த்தார்கள். "வந்துட்டியாப்பா, என்ன இப்படி எளைச்சுப் போயிட்ட?" என்றார்கள். யாரோ போய்ச் சொல்ல, அம்மா வந்தாள். தூரத்திலேயே அவள் முகம் கோணுவது தெரிந்தது. வேகமாக வந்தாள். பின்னாலேயே வந்த பெரியம்மா அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏய், பதினாறு கும்பிட்டாச்சு. தெருவுல நின்னு அழுது போனவள மறிக்காத."

அம்மா நின்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் நாலு எட்டு இருக்கும்.

"மூஞ்சியக் கழுவிட்டு வா. சோறு போடுறேன்" என்றாள்.

சித்தி இருந்த அறைக்கு அதற்குள் வேறு குடும்பம் குடி வந்திருந்தது. அவர்களும் வெடி ஆபீஸ்காரர்கள்தான். வாசலில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, யார் வேணும் என்று கேட்டாள். யாரும் வேண்டாம் என்றேன்.

அந்த அறை இருந்த கட்டடத்தைப் பிறகு இடித்துவிட்டார்கள். மூவாரில் எங்கள் தொழிற்சாலையும் இப்போது இல்லை. வேறு யாரோ வாங்கி வேறு என்னவோ செய்கிறார்கள். நானும் மூவாரை விட்டுவிட்டேன். ஊருக்குப் போகும்போது பார்க்கிறேன், தெருமுனையில் பையை வைத்துவிட்டு இப்போது யாரும் நிற்பதில்லை. சாவுச் செய்தி வந்த கையோடு வீடியோவில் எல்லாம் காட்டிவிடுகிறார்கள். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிள்ளைகள் செல்போனுக்குள்ளேயே அழுதுவிடுகிறார்கள். சிக்னல் அறுந்தால் மறுபடி கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுகிறார்கள். அப்புறம் அவர்கள் ஊருக்கு வந்து இறங்கும்போது, கட்டிக்கொண்டு அழ யாரும் ஓடி வருவதில்லை. எப்படி அழுவது என்று தெரிந்த பெண்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பெரியம்மாவும் போய்விட்டாள்.

அம்மாவும் நானும் இன்றுவரை சித்தியை நினைத்துச் சேர்ந்து அழுததில்லை. வாரம் தவறாமல் போன் பேசுகிறோம். பேச்சு எப்படியோ சுற்றிக்கொண்டு சித்தியிடம் வந்துவிடும். வந்ததும் அவள்தான், "அங்க மழையா?" என்று கேட்பாள்.

மழைதான் என்பேன்.